மெட்ராஸ் ஐ: அச்சமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கண் சிவந்தால், சில நாள்களில் வீட்டாரனைவரும் சிவந்த கண்களுடன் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். நாம் ‘மெட்ராஸ் ஐ’ என்று அழைக்கும் இந்நோய், நமக்கு மட்டும் உரியதன்று. 1969ஆம் ஆண்டு கானா நாட்டில் பரவிய ஒருவகைக் கண்ணோயை, மனிதன் நிலவில் இறங்கிய காலமாதலால், அம்மக்கள் ‘அப்போலோ’வின் பெயரால் அழைத்தனர். 1971இல் வங்கத்தில் அது ‘ஜாய் பங்ளா’ எனப்பட்டது. 2023ஆம் ஆண்டு மழைக்காலத்திலும் இந்தியாவின் பல மாநிலங்களில் கண்ணோய் பெருமளவில் பரவியது.

விழிவெண்படலத்தையும் இமையின் உட்புறத்தையும் மூடியுள்ள மெல்லிய சவ்வின் அழற்சியே இந்நோய். வைரஸ், பாக்டீரியா, ஒவ்வாமை ஆகிய மூன்றும் இதற்குக் காரணமாகலாம். கூட்டமாகப் பரவுவது பெரும்பாலும் வைரஸால் வருவதே.

நோயாளியைப் பார்த்தாலே தொற்றிக்கொள்ளும் என்பது தவறான நம்பிக்கை. கண்ணீரும் பீளையும் பட்ட கை, துண்டு, தலையணை ஆகியவற்றின் வழியாகவே நோய் பரவுகிறது. கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைக் குறைக்கும், பரவலைத் தடுக்காது.

எனவே நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. ஒளுச் செய்யுமிடத்தில் பொதுத் துண்டு தொங்குவதை நிறுத்துவோம். கண் சிவந்தவர் ஹவுளில் கைவிடாமல் குழாய் நீரைப் பயன்படுத்தட்டும். ஒரே சுர்மாக் குச்சியைப் பலர் பயன்படுத்துவதைத் தவிர்ப்போம். நோயுற்றவர் முஸாபஹா செய்யாமல் ஸலாம் மட்டும் சொன்னால், அதை மரியாதைக் குறைவாகக் கருதாதிருப்போம். நோயாளி வீட்டிலேயே தொழுதுகொள்ள மார்க்கம் சலுகை தந்துள்ளது. கண் சிவந்த பிள்ளைகளைக் குணமாகும் வரை பள்ளிக்கூடத்திற்கும் மதரஸாவிற்கும் அனுப்பாதிருப்பதே மற்றப் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் உதவி.

வைரஸால் வந்த நோய் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே தணியும். ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து வைரஸை அழிக்காது. தூய குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றடம் இடலாம்; ஒவ்வொரு கண்ணுக்கும் தனித் துணி வேண்டும். கைகளைச் சோப்பினால் அடிக்கடி கழுவ வேண்டும்.

நாம் மிகவும் அஞ்ச வேண்டியது நோயையன்று, நாமே செய்துகொள்ளும் வைத்தியத்தையே. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். அது சிவப்பை விரைவில் குறைத்து, குணமானதுபோல் காட்டும். ஆனால் சிலவகைத் தொற்றுகளை அது முற்றச் செய்யும். தொடர்ந்து இட்டால் கண்ணின் அழுத்தத்தை உயர்த்திப் பார்வையையே பாதிக்கும். தாய்ப்பால், இலைச்சாறு முதலியவற்றைக் கண்ணில் விடுவதும் ஆபத்தானது.

கடும் வலி, வெளிச்சத்தைப் பார்க்க இயலாமை, துடைத்த பின்னும் நீங்காத பார்வை மங்கல் ஆகியவை தோன்றினாலும், பச்சிளங்குழந்தைக்கோ காண்டாக்ட் லென்ஸ் அணிபவருக்கோ கண் சிவந்தாலும், அன்றே கண் மருத்துவரை அணுக வேண்டும்.

நம் கண்ணைக் காப்பதுடன், அடுத்தவர் கண்ணையும் காப்போமாக. வஸ்ஸலாம்.