பழைய மின்கலமும் புதிய செலவும்



லாரிகளுக்குக் கூடு கட்டும் தொழிலில் நாமக்கல் நாடறிந்த ஊர். தேய்ந்த டயரின்மேல் புதிய ரப்பரை ஒட்டி ஓட்டுவதும், உழைத்துத் தளர்ந்த எஞ்சினைப் பிரித்துச் செப்பனிடுவதும் லாரித் தொழிலில் அன்றாட நிகழ்ச்சிகள். எதை மாற்றுவது, எதை வைத்துக்கொள்வது என்னும் கணக்கு சேலம், நாமக்கல் வட்டாரத்தாருக்குப் புதிதன்று. அக்கணக்கை மின்சாரக் காருக்கும் பொருத்திப் பார்ப்போம்.

மின்சாரக் காரில் விலை மிகுந்த உறுப்பு அதன் மின்கல அடுக்கே. பெட்ரோல் டாங்கி எத்தனை முறை நிரப்பினும் சுருங்குவதில்லை. மின்கலத்தின் கொள்ளளவோ ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைகிறது. லித்தியம் மின்கலத்தில் மின்னேற்றத்திற்கு உதவும் லித்தியத்தின் ஒரு பகுதி, மின்வாயின்மேல் படியும் மெல்லிய படலத்தில் சிக்கிப் பயனற்றுப் போவது இதற்கு ஒரு காரணம். வெப்பம் இவ்வினையை விரைவுபடுத்தும். ஆகவே, சேலத்துச் சித்திரை வெயிலில் முழு மின்னேற்றத்துடன் வண்டியை நாள் முழுதும் நிறுத்திவைத்தல் நன்றன்று.

2001ஆம் ஆண்டில் பெங்களூரில் விற்பனைக்கு வந்த ரேவா என்னும் சிறு மின்சாரக் காரை எண்ணிப் பாருங்கள். அதில் 6 வோல்ட் ஈய மின்கலங்கள் எட்டு, தொடராக இணைக்கப்பட்டு 48 வோல்ட் தந்தன. தொடராக இணைந்தவற்றுள் மிக நலிந்ததே மற்றவற்றின் பயனையும் கட்டுப்படுத்தும். எனவே, கெட்டது ஒன்றா, அனைத்துமா என்று முதலில் அளந்தறிய வேண்டும். நலிந்த பகுதியை மட்டும் மாற்றுவதாயின், புதியதன் திறன் பழையவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும்.

அடுத்த வினா நம் தேவையைப் பற்றியது. புதிதாக இருந்தபோது 200 கிலோமீட்டர் ஓடிய கார் ஒன்று, கொள்ளளவில் 70 விழுக்காடே எஞ்சி, இன்று 140 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். சேலத்திலிருந்து நாமக்கல் சென்று திரும்பும் தொலைவு 100 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. நாள்தோறும் அவ்வழியே செல்பவருக்கு அவ்வண்டி இன்னும் போதும். ஆனால் கையிருப்பு சொற்பமாதலால் மாற்று வழி தேடும்போது கவனம் வேண்டும். திருச்சிக்கு அடிக்கடி சென்று திரும்புபவருக்கோ வழியில் மின்னேற்றாமல் முடியாது. ஒரே மின்கலம் ஒருவருக்குப் போதும், மற்றவருக்குப் போதாது.

மூன்றாவது, பணக்கணக்கு. முதலில் உத்தரவாதத் தாளைப் பாருங்கள். 2020இல் வெளிவந்த டாட்டா நெக்ஸான் மின்சாரக் காரின் மின்கலத்திற்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் அளிக்கப்பட்டது. அத்தகைய காலவரம்பு முடியுமுன் குறையைச் சோதித்து எழுத்தில் பெறுவது அறிவுடைமை. வரம்பு கடந்திருப்பின், புதிய அடுக்கின் விலையை அது தரக்கூடிய கிலோமீட்டர்களால் வகுத்துப் பாருங்கள். காரின் உடலும் சக்கரமும் அத்தனை காலம் தாங்குமா என்பதையும் ஆராயுங்கள். தாங்காதெனில், புது மின்கலம் வீண்செலவே.

மாற்றியே ஆக வேண்டுமெனில், பழைய அடுக்கு குப்பைக்குரியதன்று. வண்டிக்கு ஆற்றாதது வீட்டுக் கூரையின் சூரிய மின்சாரத்தைச் சேமிக்க உதவலாம். அதற்கும் ஆகாதபோது மறுசுழற்சிக்கு அளிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், உற்பத்தியாளர் மீது அப்பொறுப்பைச் சுமத்துகின்றன.

புதியதன்மேல் வேட்கையாலும் முடிவு செய்யலாகாது. பழையதன்மேல் பற்றாலும் முடிவு செய்யலாகாது. அளந்து, கணக்கிட்டு, பிறகே பணப்பையைத் திறப்போமாக!