ட்ரில் பெட்டரி செத்துப்போனால்: புதிதா, செல் மாற்றுவதா?

(தோட்டத்து வாசிகசாலையில் மாதக் கூட்டத்தில் பேசியது)



கொழும்புப் பக்கம் கட்டட வேலைக்கும் தச்சு வேலைக்கும் போய்வரும் நம் பிள்ளைகள் சிலர் கையில் வயர் இல்லாத ட்ரில் மெஷின் இருக்கிறது. அம்மா சீட்டுப் பிடித்து வாங்கிக் கொடுத்ததாகவும் இருக்கும். சில வருஷத்தில் மெஷின் நன்றாகவே இருக்கும், பெட்டரிதான் செத்துப்போகும். புது பெட்டரி விலையைக் கேட்டால் தலை சுற்றும். செல் மாற்றித் தருகிறோம் என்பவர்கள் குறைத்துச் சொல்வார்கள். எதைச் செய்வது என்று தம்பிமார் கேட்டபடியால் இன்றைக்கு இதைப் பேசுகிறோம்.

முதலில் செத்தது பெட்டரிதானா என்று பாருங்கள். அதே மாதிரி மெஷின் வைத்திருக்கும் கூட்டாளியின் சார்ஜரில் போட்டுப் பாருங்கள். முனைகளில் சிமெந்துத் தூசு பிடித்திருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள். கத்தியால் சுரண்டப் போய் இரண்டு முனையையும் சேர்த்துவிடாதீர்கள்.

18 வோல்ட் லித்தியம் பெட்டரிக்குள்ளே 3.6 வோல்ட் செல் ஐந்து வரிசையாக இருக்கும். 20 என்று எழுதியதும் பெரும்பாலும் அதே ஐந்துதான், முழு சார்ஜில் உள்ள கணக்கை எழுதியிருப்பார்கள். ஐந்தில் ஒன்று தளர்ந்தாலும் மெஷின் நின்றுவிடும்.

"அப்ப அந்த ஒன்றை மட்டும் மாத்தினா போதாதா சேர்?" என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்து, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தோம். ஒரு மாதம்கூட ஓடவில்லை. பழைய நாலும் புதிதோடு ஈடுகொடுக்க முடியாமல் ஒவ்வொன்றாய்ப் போய்விட்டன. மாற்றினால் ஐந்தையும் ஒரே வகையில் மாற்ற வேண்டும்.

அதிலும் ஏமாற்று உண்டு. பழைய லப்டொப்பில் கழற்றிய செல் ட்ரில் இழுக்கும் பாரத்தைத் தாங்காது, சூடேறும். விரல் நீளச் செல்லில் 9900 என்று ஒட்டியிருந்தால் அது பொய். அந்த அளவுச் செல்லில் நல்லதே 3500 சுற்றித்தான் இருக்கும். செல்லின் மேல் ஈயம் வைத்துப் பற்றவைப்பவரிடமும் கொடுக்காதீர்கள். அந்தச் சூடு செல்லைக் கெடுக்கும். நிக்கல் பட்டையை ஸ்பொட் வெல்டிங் மெஷினால் ஒட்ட வேண்டும். உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டை எடுத்துவிட்டு நேராக இணைத்தால், அது நெருப்புக்கு வழி.

நம் லயத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே கூரை, வரிசையாகக் காம்பராக்கள். ஒரு காம்பராவில் பற்றினால் பக்கத்துக் காம்பராவில் தூங்கும் பிள்ளைக்கும் ஆபத்து. ஆகவே காம்பராவுக்குள் பெட்டரியைப் பிரிக்கவே வேண்டாம். சார்ஜ் போடுவதும் மெத்தை மேலே வேண்டாம், சிமெந்துத் தரையில், ஆள் விழித்திருக்கும்போது. உப்பியது, அடிபட்டது என்றால் சார்ஜே வேண்டாம்.

பழைய நிக்கல்-கட்மியம் பெட்டரி வேறு கதை. செல் ஒன்று 1.2 வோல்ட்தான், 12 வோல்ட்டுக்குப் பத்து செல். அதன் சார்ஜரில் லித்தியம் செல்லைப் போடக்கூடாது. கட்மியம் விஷம், மரக்கறித் தோட்டத்தில் புதைக்காதீர்கள். ஐரோப்பாவில் மின்கருவிகளுக்கு இந்த வகையை 2016 முடிவோடு நிறுத்திவிட்டார்கள்.

தினமும் அந்த மெஷினால் சம்பாதிக்கிற தம்பி, கம்பனிப் பெட்டரி கிடைக்கிற வரைக்கும் பில்லோடு, உத்தரவாதத்தோடு புதிதையே வாங்கட்டும். அந்த மொடல் பெட்டரி கடையில் இல்லை, மெஷின் உறுதி என்றால் மட்டும் செல் மாற்றலாம். அதுவும் வேலை தெரிந்தவரிடம், ஐந்தும் புதிதாக.

அடுத்த கூட்டத்துக்கு வோல்ட் அளக்கும் மீட்டர் கொண்டு வருவோம். சந்தேகமான பெட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, காய்ந்த பெட்டியில் வைத்துக் கொண்டு வாருங்கள். உப்பியதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், வெளியே தள்ளி வைத்துவிட்டு எங்களுக்குச் சொல்லியனுப்புங்கள்.