மூவர் ஆட, இருவர் கணக்கு

உலக அமெச்சூர் அணி கோல்ஃப் சாம்பியன்ஷிப்பில் கோப்பைகள் இரண்டு. ஆண்கள் ஆடுவது ஐசன்ஹோவர் கோப்பைக்கு. பெண்கள் ஆடுவது எஸ்பிரிட்டோ சாண்டோ கோப்பைக்கு. ஒரே நாட்டில், பெரும்பாலும் ஒரே மைதானங்களில், அடுத்தடுத்த வாரங்களில் இரண்டும் நடக்கும். ஆடுகிறவர்கள் எல்லோரும் அமெச்சூர்கள். கோல்ஃபைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்கள். பெரும் பரிசுத் தொகை கிடையாது. நாட்டுக்காக ஆடுகிறோம் என்பதுதான் வருகிறவர்களை இழுப்பது.

கோல்ஃப் அடிப்படையில் ஒற்றை ஆள் விளையாட்டு. பதினெட்டுக் குழிகள், ஒவ்வொன்றிலும் பந்தைச் சேர்க்க எத்தனை அடி ஆயிற்று என்று எண்ணுவார்கள். யாருக்கு அடி குறைவோ அவர் முன்னால் நிற்பார். பந்தைத் தட்டிக்கொடுக்கத் தோழர் கிடையாது, தடுக்க எதிரி கிடையாது. அப்படிப்பட்ட ஆட்டத்தில் அணி என்ற ஒன்று எங்கிருந்து வந்தது? எண்ணும் முறையிலிருந்துதான்.

ஒரு நாட்டுக்கு மூன்று பேர். நான்கு நாள் ஆட்டம், நாளுக்குப் பதினெட்டுக் குழிகள், ஆக மொத்தம் 72. ஒவ்வொரு நாளும் மூவரில் குறைந்த அடி எடுத்த இருவரின் எண்ணிக்கையைக் கூட்டி, அதை அணியின் அன்றைய கணக்காக எழுதுவார்கள். ஒருவர் 70, இன்னொருவர் 73, மூன்றாமவர் 79 என்று வைத்துக்கொள்வோம். அணியின் கணக்கு 143. அந்த 79 எங்கும் ஏறாது. மறுநாள் அதே மூன்றாமவர் 67 அடித்தால், அணியைத் தூக்கி நிறுத்துகிறவர் அவராகிவிடுவார்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூவரில் ஒருவருடைய ஆட்டம் தள்ளுபடியாகும் என்பது முன்பே தெரியும். யாருடையது என்பதுதான் மாலை வரை தெரியாது. ஆகவே, தொடக்கத்திலேயே இரண்டு குழிகளில் சொதப்பியவரும் கையை விரித்துவிட்டு நடக்க முடியாது. கூட வந்தவர்களில் ஒருவர் கடைசிக் குழிகளில் தண்ணீரில் பந்தைப் போட்டுவிட்டால், தள்ளுபடியாகும் என்று நினைத்த கணக்கே அணியின் கணக்காகிவிடும். தனித்தனியாக, வெவ்வேறு நேரத்தில் கிளம்பி ஆடுகிறவர்களை ஒரே கயிற்றில் கட்டிப்போடுவது இந்த ஏற்பாடுதான்.

2022-இல் பிரான்சில் நடந்த பெண்கள் போட்டி இதற்குச் சரியான சாட்சி. நான்கு நாளும் முடிந்தபோது சுவீடனும் அமெரிக்காவும் 559 அடிகளோடு சமமாக நின்றன. அப்போது விதிப்படி எதைப் பார்த்தார்கள் தெரியுமா? கடைசி நாளில் கணக்கில் சேராமல் ஒதுக்கப்பட்ட மூன்றாவது ஆட்டக்காரரின் எண்ணிக்கையை. அது சுவீடனுக்குக் குறைவாக இருந்தது. கோப்பை சுவீடனுக்குப் போயிற்று. வேண்டாம் என்று ஒதுக்கிய எண்ணே உலகப் பட்டத்தைத் தீர்மானித்தது.

போட்டி பிறந்த ஆண்டு 1958. தங்கள் நாட்டு அணியோடு ஆட வரமுடியுமா என்று ஜப்பான் கோல்ஃப் சங்கம் அமெரிக்கக் கோல்ஃப் சங்கத்தைக் கேட்டது. அமெரிக்காவுக்கு ஏற்கெனவே பிரிட்டனோடு வாக்கர் கோப்பை என்ற போட்டி இருந்தது. ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாக ஆடிக்கொண்டிருப்பதைவிட எல்லோரும் ஓரிடத்தில் கூடி ஆடலாமே என்ற எண்ணம், அச்சங்கத்தின் நிர்வாகி ஜோசப் டே வழியாக உருப்பெற்றது. ஸ்காட்லாந்தின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்பும் கைகொடுத்தது. அந்த ஆண்டு மே மாதம் 35 நாடுகளின் பிரதிநிதிகள் வாஷிங்டனில் கூடி, உலக அமெச்சூர் கோல்ஃப் கவுன்சில் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

அப்போதைய அமெரிக்க அதிபர் டுவைட் ஐசன்ஹோவர் கோல்ஃப் பித்தர். வெள்ளை மாளிகையின் புல்வெளியில் பந்தைக் குழிக்குள் தட்டிப் பழக ஓரிடம் அமைத்துக்கொண்டவர். கோப்பைக்கு அவர் பெயர் வைத்ததில் வியப்பில்லை. தம்மைப் பார்க்க வந்த பிரதிநிதிகளிடம், கெட்டிக்காரர்களை மட்டும் அழைத்து வராமல் சுமாராக ஆடுகிறவர்கள் சிலரையும் கூட்டி வந்து அவர்களுக்கும் ஒரு போட்டி வையுங்கள் என்று அவர் நகைச்சுவையாக யோசனை சொன்னார். அந்த யோசனை மட்டும் நடப்புக்கு வரவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் முதல் போட்டி. இடம், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலுள்ள ஓல்ட் கோர்ஸ். கோல்ஃபின் பிறந்த வீடு என்று உலகம் கொண்டாடும் கடலோர மைதானம் அது. 29 அணிகள் வந்தன. அப்போது அணிக்கு நால்வர். அவர்களில் மூவரின் கணக்கு சேரும். நான்காம் நாள் முடிவில் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் 918 அடிகள். பிரிட்டன், அயர்லாந்து கூட்டணிக்கு 919. ஆளுக்கு நாளொன்றுக்குச் சராசரி எழுபத்தாறரை அடி. உலகின் சிறந்த அமெச்சூர்களே இவ்வளவு அடி எடுத்தார்கள் என்றால், அந்த மைதானம் யாருக்கும் இளகிக் கொடுக்கவில்லை என்று பொருள். மீண்டும் பதினெட்டுக் குழிகள் ஆடவைத்தார்கள். ஆஸ்திரேலியா 222, அமெரிக்கா 224. முதல் கோப்பை ஆஸ்திரேலியாவுக்கு.

அந்தத் தோல்வியை உடனிருந்து பார்த்த அமெரிக்கக் கேப்டன் பாபி ஜோன்ஸ். கடைசிவரை அமெச்சூராகவே ஆடி, 1930-இல் அந்தக் காலத்தின் நான்கு பெரிய பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றவர். 1958-இல் அவருடைய முதுகுத்தண்டைக் கொடிய நோய் தாக்கியிருந்தது. ஆடவே முடியாத நிலை. மைதானத்தைச் சுற்றிவர மின்வண்டி தேவைப்பட்டது. அந்த வாரம்தான் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் அவருக்குக் கௌரவக் குடியுரிமை அளித்தது. அவருக்கு முன் அந்தச் சிறப்பைப் பெற்ற அமெரிக்கர், 1759-இல், பெஞ்சமின் பிராங்க்ளின்.

இரண்டு ஆண்டு கழித்து, பிலடெல்பியா அருகே மெரியன் மைதானத்தில் அமெரிக்கா வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தது. வெற்றி வித்தியாசம் 42 அடிகள். அந்த அணியில் இருபது வயது ஜாக் நிக்லஸ் இருந்தார். நான்கு நாளில் அவர் எடுத்தது 66, 67, 68, 68, மொத்தம் 269. பத்தாண்டு முன்பு அதே மெரியனில் பென் ஹோகன் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றபோது அவர் கணக்கு 287. மைதானத்தின் நிலை இரண்டு தடவையும் ஒன்றாக இருந்திராது என்பதால் இருவரையும் நேராக ஒப்பிடுவது நியாயமாகாது. ஆனாலும் அந்த 269-ஐக் கேட்ட தொழில்முறை ஆட்டக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

பெண்கள் போட்டி தொடங்க 1964 வரை ஆயிற்று. பிரெஞ்சுக் கோல்ஃப் சம்மேளனம் அதை ஏற்பாடு செய்தது. முன்னின்று உழைத்தவர் லாலி செகார். 1950-இல் பிரிட்டிஷ் பெண்கள் அமெச்சூர் பட்டம் வென்றவர். கோப்பையை அளித்தது போர்ச்சுகலின் எஸ்பிரிட்டோ சாண்டோ குடும்பம். பாரிஸ் அருகே செயின்ட் ஜெர்மேனில் 25 அணிகள் கூடின. பெண்களுக்குத் தொடக்கம் முதலே மூவர் அணி, இருவர் கணக்கு. பிரான்ஸ் 588, அமெரிக்கா 589. நான்கு நாள் ஆட்டத்தில் ஒரே ஓர் அடி வித்தியாசம்.

பிரெஞ்சு அணியில் இருந்த கேத்ரின் லகோஸ்டுக்கு அப்போது வயது 19. முதலைச் சின்னச் சட்டைகளால் பெயர் பரவிய டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்டின் மகள். தாயும் பிரிட்டிஷ் பட்டம் வென்ற கோல்ஃப் வீராங்கனை. தனிநபர் கணக்கிலும் கேத்ரின் அந்த வாரம் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். மூன்றாண்டு கழித்து, 1967-இல், தொழில்முறை வீராங்கனைகளையும் தோற்கடித்து அமெரிக்கப் பெண்கள் ஓப்பனை வென்றார். அமெச்சூர் ஒருவர் அந்தப் பட்டத்தை வென்றது அந்த ஒரு முறைதான்.

பின்னாளில் மாற்றங்கள் வந்தன. 2002-இல் ஆண்கள் அணியும் மூவராகக் குறைந்தது. அதே ஆண்டு முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து தனித்தனி அணிகளாக வந்தன. ஸ்காட்லாந்து 2008-இல் ஆண்கள் கோப்பையையே வென்றது. கவுன்சில் என்ற பழைய பெயர் போய், சர்வதேச கோல்ஃப் சம்மேளனம் என்ற பெயர் வந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் கோல்ஃப் மீண்டும் இடம்பெற்றபோது அதைக் கவனித்துக்கொண்டதும் இதே சம்மேளனம்தான். வரும் அணிகள் பெருகப் பெருக ஒரு மைதானம் போதாமல், இரண்டு மைதானங்களில் மாறி மாறி ஆடவைக்கும் வழக்கம் ஏற்பட்டது. கோவிட் காரணமாக 2020 போட்டி நடக்கவில்லை. இரட்டைப்படை ஆண்டுகளில் நடந்துவந்த போட்டி, 2022-க்குப் பின் 2023-இல் அபுதாபியிலும் 2025-இல் சிங்கப்பூரிலுமாக ஒற்றைப்படை ஆண்டுகளுக்கு மாறியது.

வெற்றிப் பட்டியலில் அமெரிக்காவின் பெயர்தான் நிறைய. 2023 வரை ஆண்கள் கோப்பையை 16 முறையும் பெண்கள் கோப்பையை 14 முறையும் வென்றிருக்கிறது. ஆனால் அந்த ஆதிக்கம் இப்போது பழைய கதை. 1984-இல் ஜப்பான், 1986-இல் கனடா, 1990-இல் சுவீடன், 1992-இல் நியூசிலாந்து, 2006-இல் நெதர்லாந்து என ஆண்கள் கோப்பை ஊர் சுற்றியது. 2018-இல் டென்மார்க் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் அமெரிக்காவை முந்தியது. அந்த அணியில் ஹோய்கார்ட் இரட்டையர் இருவரும் ஆடினர். பெண்கள் பக்கம் 1996 முதல் தென்கொரியாவின் கை ஓங்கியிருக்கிறது. இந்தியா பலமுறை அணி அனுப்பியிருக்கிறது. கோப்பை இன்னும் கைக்கு எட்டவில்லை.

இங்கே பட்டம் அணிக்குத்தான். தனிநபர் வரிசை வெறும் குறிப்பு. ஆனாலும் அந்தக் குறிப்பைப் புரட்டினால் சுவாரசியம் உண்டு. 1992-இல் பெண்களில் முதலில் நின்றவர் அன்னிகா சோரன்ஸ்டாம். 2012-இல் லிடியா கோ. இருவரும் பின்னர் தொழில்முறை ஆட்டத்தின் உச்சிக்குப் போனவர்கள். 1994-இல் பாரிஸ் அருகே வெர்சாயில் ஆண்கள் கோப்பையை அமெரிக்கா வென்றபோது, அணியில் 18 வயது டைகர் உட்ஸ் இருந்தார். 46 வயது ஆலன் டாயிலும் இருந்தார். அந்த வாரம் எல்லோரையும்விடக் குறைவாக அடித்தவர் டாயில். மறு ஆண்டு அவர் தொழில்முறைக்கு மாறினார். 2005-இலும் 2006-இலும் அமெரிக்க சீனியர் ஓப்பனை வென்றார்.