உறங்காத இரவுகளும் உள்ளத்தின் துயரும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் சிறப்பைப் பேசுவதே வழக்கம். நமக்கு முன் பேசியவர்கள் அதனைச் செவ்வனே செய்துவிட்டனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் உறக்கம். சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளிடம் "உறங்காதே, படி" என்று சொல்லி வந்த நமக்கு, உறக்கத்தைப் பற்றிப் பேசும் கடமையும் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாலைப் படிப்பகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் புத்தகத்தின்மேல் தலை கவிழ்ந்து நாள்தோறும் உறங்குவார். சோம்பல் என்றோம். எல்லார் முன்னிலையிலும் எழுப்பி நிற்க வைத்தோம். பிறகுதான் தெரிய வந்தது, இரவு இரண்டு மணி வரை அவருக்குக் கண் மூடுவதில்லை என்று. தேர்வில் தவறினால் தந்தை வாங்கிய கடன் என்னாகும், சாதிப் பெயரைச் சொல்லி இழித்த பிள்ளைகள் நாளை என்ன சொல்வார்கள் என்று எண்ணி எண்ணி விழித்துக் கிடந்திருக்கிறார். இரவில் பறிபோன உறக்கத்தை உடல் பகலில் கேட்டு வாங்கியிருக்கிறது. அவரை நிற்க வைத்ததற்காக நாம் இன்றும் நாணுகின்றோம்.

கவலை ஏன் உறக்கத்தைக் கெடுக்கிறது? கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் முறைத் தண்ணீருக்காக இரவில் மடையடியில் காத்திருந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கண் அயர்ந்தால் தண்ணீர் போய்விடும் என்னும் நினைவு உள்ளவரை, உடல் எவ்வளவு களைத்திருந்தாலும் உறக்கம் வாராது. கவலையுற்றவர் பாயில் படுத்தும் மடையடியிலேயே இருக்கின்றார். அச்சம் தோன்றியதும் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் சுரப்புகள் மிகுகின்றன, நெஞ்சு விரைந்து அடிக்கிறது, செவி கூர்மையாகிறது. புலியைக் கண்டு ஓடுவதற்கு இயற்கை தந்த ஏற்பாடு இது. தவணைக்காரர் நாளை வருவார் என்பதற்கும் உடல் அதே ஏற்பாட்டைத்தான் செய்கிறது.

மனச்சோர்வு நோயின் வழி வேறு. பலர் படுத்தவுடன் உறங்கிவிடுவர். ஆனால் மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ விழித்துக்கொள்வர். மீண்டும் உறக்கம் கூடாது. சிலரோ பத்து மணி நேரம் உறங்கியும் களைப்போடு எழுவர். நல்ல உறக்கம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக நடைபெறுகிறது. முன்னிரவில் ஆழ்ந்த உறக்கமும் பின்னிரவில் கனவு உறக்கமும் மிகுதி. கண்கள் விரைந்து அசையும் இவ்வுறக்கத்தை 1953இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்தனர். மனச்சோர்வு உற்றோரிடம் ஆழ்ந்த உறக்கம் குறைகிறது. கனவு உறக்கம் முன்கூட்டியே வந்துவிடுகிறது. விடியுமுன் விழித்திருக்கும் அந்த இரண்டு மணி நேரம் மிகக் கொடியது. பகலில் சிறிதாகத் தோன்றும் இழிவு அப்போது மலையாகத் தோன்றும். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணமும் எழும்.

உறக்கமின்மை துயரத்தின் விளைவாக மட்டும் நிற்பதில்லை. அதனை வளர்க்கவும் செய்கிறது. நெடுநாள் உறக்கமின்றி இருப்பவர்க்குப் பின்னர் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே "மனம் சரியானால் உறக்கம் தானே வரும்" என்று இருந்துவிடலாகாது.

நம் குடியிருப்புகளில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு. அமுக்குவான் பேய் அமுக்குகிறது என்பர். விழிப்பு வந்தும் கைகால் அசையாது. நெஞ்சில் யாரோ அமர்ந்தாற்போல் இருக்கும். கனவு உறக்கத்தில் தசைகள் தளர்ந்து கிடப்பது இயல்பு. மூளை சற்று முன்னதாக விழித்துவிட்டால் இந்நிலை தோன்றும். உறக்கம் கெட்டவர்க்கும் கவலையுற்றவர்க்கும் இது அடிக்கடி வரும். சில நொடியிலோ நிமிடத்திலோ நீங்கும். கோயிலில் திருநீறு இடுவதை நாம் குறை கூறவில்லை. திருநீற்றோடு நின்றுவிடுவதையும் தாயத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதையுமே வேண்டாம் என்கிறோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் மக்களின் கவலைகள் பெரும்பாலும் வீண் கவலைகள் அல்ல. பீடி சுற்றும் பெண்ணுக்குக் குழுக்கடன் தவணை உண்மை. நம் கல்லிடைக்குறிச்சி வழியாக மலையேறினால் மாஞ்சோலை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற அத்தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள், 2024இல் விருப்ப ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டன. அத்தொழிலாளர்களுக்காக 1999 சூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த பேரணியில், தாமிரபரணிக் கரையில், இரண்டு வயதுக் குழந்தை உட்பட 17 பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. வீடு போகுமோ என்று விழித்திருப்பவரிடம் மாத்திரை மட்டும் கொடுத்தால் போதுமா? போதாது. அவருக்கு வீடு வேண்டும். ஆனால் வீடு கிடைக்கும்வரை போராடவும் அவருக்கு உறக்கம் வேண்டும்.

ஆண்கள் பலர் இதற்குக் கண்ட மருந்து மது. மது விரைவில் உறங்க வைக்கும் என்பது மெய்யே. ஆனால் அது இறங்கும் பின்னிரவில் உறக்கத்தைத் துண்டு துண்டாக்குகிறது, மறுநாள் கலக்கம் கூடுகிறது, மீண்டும் மது. மருத்துவர் சீட்டின்றித் தூக்க மாத்திரை வாங்கி விழுங்குவதும் இத்தகையதே, அது பழக்கமாகிவிடும்.

அண்ணல் அம்பேத்கர் இரவெல்லாம் படித்தார் என்று நாம் மேடைதோறும் முழங்கியிருக்கிறோம். முழுச் செய்தியையும் சொல்லவில்லை. பம்பாய் பரேலில் ஓரறை வீட்டில், சிறுவன் பீமன் முன்னிரவில் உறங்கினான். தந்தை இராம்ஜி சக்பால் இரண்டு மணி வரை விழித்திருந்து அவனை எழுப்பிவிட்டுத் தாம் படுத்தார். மகன் உறங்குவதற்காகத் தந்தை விழித்திருந்தார் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. பின்னாளில், அரசியலமைப்பு வரைவுப் பணியின் காலத்தில், அண்ணல் உறக்கமின்மையாலும் கால் நரம்பு வலியாலும் பெரிதும் துன்புற்றார். அதற்குச் சிகிச்சை பெற அவர் வெட்கப்படவில்லை. பம்பாயில் சிகிச்சைக்குச் சென்றபோது சந்தித்த மருத்துவரையே 1948 ஏப்ரலில் மணந்தார்.

இளைஞர்களே, நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. எத்தனை மணிக்குப் படுத்தாலும் நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுங்கள், இதுவே தலையாயது. இருபது நிமிடம் உறக்கம் வராவிடில் புரண்டு கிடக்காதீர்கள். எழுந்து மங்கிய ஒளியில் அமர்ந்து, கண் சொக்கும்போது படுங்கள். கைப்பேசியைப் படுக்கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மாலைக்குமேல் தேநீர் வேண்டாம். கவலைகளை அந்திப்பொழுதிலேயே ஒரு தாளில் எழுதிவிடுவது பலருக்கு உதவுகிறது. பதின்பருவத்தினர்க்கு எட்டு மணி நேரமேனும் உறக்கம் தேவை. தேர்வுக்கு முந்திய இரவும் இதில் அடங்கும்.

இவற்றாலும் தீராமல் துயரமும் உறக்கக் கேடும் இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஆற்றின் அக்கரையில் அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனை. அதற்கும் மேல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. மனச்சோர்வுக்கான மருந்துகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இடையில் தாமாக நிறுத்தலாகாது. உயிரை விட எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். 2022 முதல் இயங்கும் அரசின் மனநல உதவித் தொலைபேசி 14416. இரவு மூன்று மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

படிப்பக விளக்கை இனி இரவு பத்து மணிக்கு அணைத்துவிடுவதென நிர்வாகக் குழுவில் முடிவு செய்துள்ளோம். மருத்துவமனைக்குத் தனியே செல்லத் தயங்குவோர் நம்மில் எவரிடமாவது ஒரு சொல் சொன்னால் போதும்; உடன் ஒருவர் வருவார். பெயர் எந்த ஏட்டிலும் எழுதப்படாது.