வெள்ளுடைப் பெண்: ஒரு கல்யாணத்தின் வரவுசெலவுக் கணக்கு

(தொழிலாளர் படிப்பகக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் பேசப்போவது ஒரு சீமை நாவலைப் பற்றி. பிரபு வீட்டுக் கல்யாணம், காதல், ஆள்மாறாட்டம், மர்மம் எல்லாம் அதில் உண்டு. தறி ஓட்டுகிறவருக்கும் நாற்று நடுகிறவருக்கும் இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கதையைக் கேளுங்கள், பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நாவலின் பெயர் ‘வெள்ளுடைப் பெண்’. எழுதியவர் வில்கி காலின்ஸ். சட்டம் படித்து பாரிஸ்டர் தகுதி பெற்றவர். ஆனால் வக்கீல் தொழில் நடத்தாதவர். சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் 1859 நவம்பர் முதல் 1860 ஆகஸ்டு வரை இது தொடர்கதையாக வந்தது. லண்டன் நகரமே அடுத்த வார இதழுக்குக் காத்துக் கிடந்தது. கடைக்காரர்கள் இந்தப் பெயரிலேயே வாசனைத் தைலமும் தொப்பியும் விற்றுக் காசு பார்த்தார்கள்!

லாரா பேர்லி என்ற பெண். தகப்பனார் சாகும் தறுவாயில் சர் பெர்சிவல் கிளைட் என்ற பிரபுவுக்கு அவளை நிச்சயம் செய்துவிட்டார். அவளோ, சித்திரம் கற்றுக்கொடுக்க வாரச் சம்பளத்துக்கு வந்த வால்டர் ஹார்ட்ரைட் என்ற வாலிபனிடம் மனதைப் பறிகொடுத்தாள். “என் மனம் வேறொருவரிடம் இருக்கிறது, என்னை விட்டுவிடுங்கள்” என்று பிரபுவிடமே சொல்லிப் பார்க்கிறாள். பிரபு அவளுடைய நேர்மையை வானளாவப் புகழ்கிறான். ஆனால் பிடியை விடவில்லை. ஏன் விடவில்லை?

இங்கேதான் கதாசிரியர் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுகிறார். லாராவுக்குச் சொந்தமாக 20,000 பவுன் வருகிறது. பிரபுவோ கழுத்துவரை கடனில் மூழ்கியவன். பிள்ளை இல்லாமல் மனைவி முந்திச் செத்தால் அந்தத் தொகை முழுவதும் தனக்கே வரவேண்டும் என்று கல்யாணப் பத்திரத்தில் எழுதச் சொல்கிறான். குடும்ப வக்கீல் மன்றாடுகிறார். கார்டியனாகிய சித்தப்பனோ, தன் உடம்பை அலட்டிக்கொள்ள மனமில்லாத சோம்பேறி. சரி என்று தலையாட்டி விடுகிறான். கல்யாணம் நடக்கிறது. அவள் உயிருக்கு அந்தப் பத்திரத்தில் விலை எழுதியாகிவிட்டது!

பிறகு நடந்தது என்ன? ஒருநாள் புருஷன் ஒரு தஸ்தாவேஜை மடித்து வைத்து, எழுதியதை மறைத்துக்கொண்டு, “இங்கே கையெழுத்துப் போடு” என்கிறான். படிக்காமல் போடமாட்டேன் என்று மறுக்கிறாள் லாரா. அதன்பின் சதி வேகமாக நடக்கிறது. அதற்கு மூளை பாஸ்கோ பிரபு. லாரா செத்தால் அவன் மனைவிக்கு 10,000 பவுன் வரும்! லாராவின் சாயலில் ஆன் கேத்தரிக் என்ற ஏழைப் பெண் இருக்கிறாள். அவள்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலிருந்து தப்பிவந்த வெள்ளுடைப் பெண். இருதய நோயால் இறந்த அவளை லாரா என்று சொல்லிப் புதைக்கிறார்கள். உயிரோடிருக்கும் லாராவை ஆன் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் அடைக்கிறார்கள். பணம் கைமாறுகிறது.

இதெல்லாம் வெறும் கற்பனை என்று எண்ணாதீர்கள், தோழர்களே! கதை வெளிவருவதற்கு முந்திய ஆண்டு, 1858-ல், உண்மையாகவே ஒன்று நடந்தது. புல்வர் லிட்டன் அப்போது பிரிட்டிஷ் குடியேற்ற நாட்டு மந்திரி. பிரிந்து வாழ்ந்த அவர் மனைவி ரோசினா, தேர்தல் மேடையிலேயே வந்து அவர் யோக்கியதையை ஜனங்களிடம் சொன்னார். சில நாட்களில் அந்த அம்மாளைப் பைத்தியம் என்று சொல்லி அடைத்துவிட்டார்கள். உறவினர் கேட்டு, இரண்டு டாக்டர்கள் சர்ட்டிபிகேட் கொடுத்தால் போதும். அன்றைய சட்டம் அப்படி! ஊர் கொதித்தெழுந்த பிறகே அவரை விட்டார்கள். குடும்பத்துக்குள் சுமுகமாக முடிந்தது என்று டைம்ஸ் பத்திரிகை விஷயத்தை மூடப் பார்த்தது. அந்த மூடுதிரையைக் கிழித்து அமெரிக்கப் பத்திரிகையில் அதே ஆண்டு எழுதியவர் யார் தெரியுமா? லண்டனில் வறுமையோடு போராடிக்கொண்டிருந்த நமது ஆசான் கார்ல் மார்க்ஸ்!

அக்காலத்து இங்கிலாந்தில் கல்யாணம் ஆனதும் மனைவியின் ரொக்கம், நகை, கூலி யாவும் புருஷனுடையது. பணக்காரர்கள் பத்திரம் எழுதி ஓரளவு தப்பினார்கள். லங்காஷயர் பஞ்சாலைப் பெண்ணுக்குப் பத்திரம் ஏது, வக்கீல் ஏது? பகலெல்லாம் தறியில் நின்று அவள் வாங்கிய கூலியைப் புருஷன் சாராயக் கடையில் கொட்டினாலும் சட்டம் அவன் பக்கமே நின்றது. லாராவின் துயரத்துக்குக் கண்ணீர் விட்ட சீமான் வீட்டு அம்மாள்களுக்கு இந்தப் பெண்ணின் நினைவு வந்ததா? பெண்கள் இயக்கம் நடத்தி, மனுப் போட்டுப் போராடிய பிறகுதான், 1870-ல் மனைவியின் கூலி மனைவிக்கே என்று சட்டம் வந்தது. 1882-ல் சொத்துரிமை வந்தது. மனைவியைப் புருஷன் அடைத்துவைக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது 1891-ல்!

கதையில் சதி எப்படி உடைகிறது? சொத்தில்லாத சகோதரி மரியன், கொட்டும் மழையில் கூரைமேல் ஒண்டிக்கொண்டு சதியாலோசனையை ஒட்டுக் கேட்கிறாள். பிறகு நர்ஸுக்குப் பணம் கொடுத்து லாராவை வெளியே கொண்டு வருகிறாள். பிரபுவின் பெற்றோர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. சர்ச் பதிவேட்டில் பொய் எழுதித்தான் அவன் பட்டத்தையும் ஜமீனையும் பிடித்தான் என்று தெரிகிறது. அந்த ஏட்டை அழிக்கப் போனவன் தீயில் கருகுகிறான். லாரா ‘இறந்த’ தேதிக்கு மறுநாள் அவளை அழைத்துவர வண்டி வாடகைக்கு எடுத்தது வண்டிக்கொட்டகைக் கணக்கில் இருக்கிறது. வண்டிக்காரனும் சாட்சி சொல்கிறான். இரண்டு பிரபுக்கள் கட்டிய பொய்க்கோட்டையை ஒரு வண்டிக்காரனின் சாட்சி தகர்க்கிறது! கடைசியில், இவள்தான் லாரா என்று ஆரவாரம் செய்து ஏற்றுக்கொள்பவர்கள் அந்தப் பண்ணையின் குடியானவர்களே.

ஆனால் காலின்ஸ் அங்கேயே நின்றுவிடுகிறார். வால்டருக்கும் லாராவுக்கும் பிறந்த பிள்ளை பண்ணைக்கு வாரிசாகிறான், சுபம். ஆரவாரம் செய்த குடியானவர்கள் பழையபடி குத்தகை கட்டப் போகிறார்கள். கெட்ட பிரபு போய் நல்ல எஜமான் வந்தால் போதும் என்பது அவர் எண்ணம். பெண்ணை விற்பனைச் சரக்காக்கியது ஒரு பெர்சிவலின் கெட்ட குணம் மட்டும்தானா? ஏங்கெல்ஸ் 1884-ல் எழுதிய நூலில் இதற்குப் பதில் சொன்னார். சொத்துடைய வர்க்கத்தில் கல்யாணத்தைத் தீர்மானிப்பது சொத்து. அந்தச் சொத்துறவு ஒழிந்தால்தான் மனதுக்கு மனம் இசையும் விவாகம் உண்டாகும் என்றார்.

ஆகவே, தோழர்களே, இந்தக் கதையைப் படியுங்கள். படிக்கத் தெரியாத தோழர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். மர்மத்தை ரசியுங்கள், கூடவே ஒவ்வொரு பக்கத்திலும் பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று கேளுங்கள். மடித்துவைத்த காகிதத்தை யார் நீட்டினாலும், புருஷனோ, பண்ணையாரோ, ஆலை மானேஜரோ, முதலில் அதை விரித்துக் காட்டச் சொல்லுங்கள்!