ஆண்ட்ரோமீடாவைப் படம் பிடித்தவர்கள்

(திருவருகைக்காலம் முதல் வாரம் – வானொலி மறையுரை)



விழித்திருங்கள் என்று சொல்லித்தான் திருவருகைக்காலம் தொடங்குகிறது. விழித்திருப்பதைப் பற்றிப் பேச எனக்கு ஓரளவு தகுதி உண்டு. அமாவாசையை ஒட்டிய இரவுகளில் பங்கு இல்லத்து மொட்டை மாடியில் ஒரு சிறிய தொலைநோக்கியோடு உட்கார்ந்திருப்பவன் நான். காலைப் பூசையில் சாமியார் கொட்டாவியை அடக்குகிறார் என்று பங்குப் பேரவையில் ஒரு குறை உண்டு. குறை நியாயமானதுதான்.

இந்த வாரம் இரவு எட்டு மணிக்கு, தெருவிளக்கு படாத இடத்தில் வடக்கு நோக்கி நின்று பாருங்கள். ஆங்கில ‘எம்’ எழுத்தைப் போல ஐந்து விண்மீன்கள் தெரியும். அந்த ‘எம்’மின் இரண்டு உச்சிகளில் இடப்பக்கம் உள்ளது கூர்மையானது. கையை நீட்டி முஷ்டி பிடித்தால், அந்த உச்சிக்கு நேர் மேலே ஒன்றரை முஷ்டி உயரத்தில் ஒரு மங்கலான புகைத் திட்டு இருக்கும். நேராக முறைத்துப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைச் சற்றே விலக்கினால் தெரியும். மங்கலான ஒளியை உணரும் நரம்பணுக்கள் கண்ணின் ஓரப் பகுதியில்தான் அதிகம். 964-ஆம் ஆண்டிலேயே பாரசீக அறிஞர் அல்-சூஃபி இதை ஒரு சிறு மேகம் என்று எழுதிவைத்தார். இதுதான் ஆண்ட்ரோமீடா என்ற சுருள் விண்மீன் மண்டலம்.

நாம் காண்பது அதன் நடுப்பகுதியை மட்டுமே. முழுவதும் தெரிந்தால் வானத்தில் முழுநிலவைப்போல் ஆறு மடங்கு அகலமாக இருக்கும். அவ்வளவு பெரியது நம் தலைக்கு மேலேயே இருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. நம் கண் ஒரு நொடியின் சிறு பகுதியில் வரும் ஒளியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒளி சேர்வதில்லை. படத்தகடு அப்படியல்ல. திறந்து வைத்தால் வந்து விழும் ஒளியையெல்லாம் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

இதைக் கொண்டு ஆண்ட்ரோமீடாவின் உருவத்தை உலகுக்குக் காட்டியவர் ஐசக் ராபர்ட்ஸ். வேல்ஸ் நாட்டில் பிறந்து, லிவர்பூலில் கட்டடத் தொழில் செய்தவர். வானியல் அவருக்குப் பொழுதுபோக்கு. 1888 டிசம்பர் 29 அன்று, கிறிஸ்துமஸ் கழிந்த நான்காம் நாள் குளிரில், தம் 20 அங்குலத் தொலைநோக்கியில் படத்தகட்டைப் பொருத்தி மணிக்கணக்கில் திறந்து வைத்தார். பூமி சுழல்வதால் விண்மீன்கள் நகரும். தொலைநோக்கியும் அதே வேகத்தில் நகர வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் புள்ளிகள் கோடுகளாகிவிடும். ராபர்ட்ஸின் தகட்டில் சுருள் வந்தது. முன்பு பெரிய தொலைநோக்கிகளில் கண்வைத்துப் பார்த்தவர்கள் இரண்டு கறுப்புக் கோடுகளைக் கண்டிருந்தார்கள். அவை சுருளின் இடைவெளிகள் என்பதைப் படம்தான் காட்டியது.

ஆனால் ராபர்ட்ஸ் அதற்குச் சொன்ன விளக்கம் தவறு. நம் சூரியக் குடும்பத்தைப் போல ஒன்று புதிதாகப் பிறந்துகொண்டிருக்கிறது என்றார். 35 ஆண்டுகள் கழித்து, 1923 அக்டோபரில், அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் எட்வின் ஹபிள் அதே ஆண்ட்ரோமீடாவில் ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைக் கண்டார். அதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டபோது, அது நம் பால்வழிக்கு வெகு வெளியே இருக்கும் தனி மண்டலம் என்று தெளிந்தது. அவர் கணக்கும் குறைவுதான். சுமார் 9 லட்சம் ஒளி ஆண்டு என்றார். இன்று நாம் அறிந்த தூரம் 25 லட்சம் ஒளி ஆண்டு. ராபர்ட்ஸ் சேர்த்த ஒளியில் பொய்யில்லை. அவசரப்பட்டு எழுதிய விளக்கம்தான் நிற்கவில்லை.

இதை நான் ஒரு காரணத்துக்காகச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கில் ஒரு தாய் தம் இருபத்திரண்டு வயது மகனைச் சாலை விபத்தில் இழந்தார். அடக்கத்துக்கு முன், அந்த வீட்டு வாசலில் நின்று, “இது இறைசித்தம் அம்மா” என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த வீட்டில் அன்றும் ஆண்டவர் இருந்தார் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த மகன் ஏன் போனான் என்று எனக்குத் தெரிந்ததுபோல் பேசினேனே, அது நான் அவசரப்பட்டு எழுதிய விளக்கம்.

சென்ற மாதம் அவரே வந்தார். “சாமி, தினமும் செபமாலை சொல்றேன். சுவத்தோட பேசுற மாதிரிதான் இருக்கு. விட்டுரட்டுமா?” என்றார். இம்முறை பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முந்தின வாரம் நான் எடுத்த ஆண்ட்ரோமீடா படத்தைக் காட்டினேன். இரண்டிரண்டு நிமிடமாக எடுத்த அறுபது படங்களைக் கணினியில் ஒன்றாகச் சேர்த்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அழுக்குத் துணிபோல இருக்கும். சேர்ந்தபோது சுருளின் கறுப்புக் கரைகள் தெரிந்தன. செபமும் அப்படித்தான் என்று தொடங்கினேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க காமிராவுக்குக் காலைல எந்திரிச்சு உலை வைக்கிற வேலை இல்லையே சாமி” என்றார்.

என் உவமை அதோடு முடிந்தது. நானும் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார்.

அன்று இரவு பேரனோடு மாடிக்கு வந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். கொஞ்சம் பக்கத்தில் பாருங்கள் என்றேன். “ஆமா, பஞ்சு கணக்கா” என்றார். அந்த வெளிச்சம் அங்கிருந்து புறப்பட்டு 25 லட்சம் ஆண்டு ஆகிறது என்றதும் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு இடுப்பிலிருந்து செபமாலையை எடுத்தார். நானும் பேரனும் பதில் சொன்னோம்.

பிள்ளையில்லாத ஆபிரகாமை ஆண்டவர் ஓர் இரவில் கூடாரத்துக்கு வெளியே அழைத்துவந்து வானத்தைப் பார்க்கச் சொன்னதைத் தொடக்க நூலின் 15-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதன் பிறகும் ஈசாக்கு பிறக்கப் பல ஆண்டுகள் ஆயின. இந்த வாரம் உங்கள் வீட்டு மாடிக்கோ முற்றத்துக்கோ போகும்போது அந்தப் புகைத் திட்டைத் தேடிப் பாருங்கள். பார்த்துவிட்டு, அந்தத் தாயின் மகனுக்காகவும், உங்கள் தெருவில் இதுபோல் பிள்ளையை இழந்த வீட்டுக்காகவும் ஓர் அருள்நிறை மரியே சொல்லுங்கள்.