பழகிய சத்தத்துக்குள் புதுச் சத்தம்

(தோட்டங்களில் இருந்து வந்திருந்த சாரதிகள், வாகன உதவியாளர்கள், தொழிலாளர்கள் முன்னிலையில் முள்ளியவளையில் ஒரு கராஜ்காரர் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்.)



நான் மேடையில் பேசிப் பழகியவன் இல்லை, ஜீப்புக்குக் கீழே படுத்துப் பழகியவன். பேச்சில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் உங்களில் ஒருவன்தான். அம்மா கொழுந்து எடுத்தவர், அப்பா கவ்வாத்து வெட்டியவர். 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் மலைநாட்டை விட்டு வன்னிக்கு வந்தது. இந்த முள்ளியவளையில் ஒரு கராஜில் பெடியனாகச் சேர்ந்து, ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, ஓயில் துடைத்துத்தான் தொழில் படித்தேன்.

பழைய ஜீப்பில் ஒரு சத்தம் வந்தால் அது எங்கே இருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். "நாங்கள் சாரதி இல்லையே, எங்களுக்கு எதற்கு?" என்று பின்வரிசையில் இருக்கும் அம்மாமார் நினைக்கக்கூடும். உங்களுக்காகத்தான் இந்தப் பேச்சு. ஏன் என்று முடிவில் விளங்கும்.

முதலில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 1990க்குப் பிறகு வன்னிக்குள் பெற்றோல் வருவது நின்றுபோனது. 2002இல் தடை நீங்கும் வரைக்கும் ஒரு போத்தல் பெற்றோல் தங்கம் மாதிரி. பெற்றோல் எஞ்சின்களை எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓட்டினோம். கார்புரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணுவோம். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். யாழ்ப்பாணத்தில் ஏ40 கார்கள் ஓடியதும் இப்படித்தான்.

மண்ணெண்ணெயில் ஓடும் பெற்றோல் எஞ்சின் தட்டும். ஏன் தட்டுகிறது? பிளக்கில் பொறி விழுந்ததும் நெருப்பு ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்குச் சீராகப் பரவ வேண்டும். பெற்றோல் அதற்குப் பொறுத்திருக்கும். மண்ணெண்ணெய் பொறுக்காது. அமுக்கமும் சூடும் கூடினதும், நெருப்பு வந்து சேருமுன்னமே மிச்சம் இருக்கும் கலவை தானாக வெடித்துவிடும். அந்த அடிதான் 'கிளிங் கிளிங்' என்று கேட்கும். டிஸ்ரிபியூற்றரைக் கொஞ்சம் திருப்பி, பொறி பிந்தி விழச் செய்தால் சத்தம் குறையும். இழுவையும் சேர்ந்து குறையும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஓயிலையும் தண்ணியாக்கிவிடும். அதனால் ஓயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். ஓயிலுக்கும் எங்கே போவது?

1997இல் ஒரு பழைய லான்ட்றோவர் ஜீப்பில் நோயாளிகளை ஏற்றி இறக்கும் வேலை எனக்கு. யாழ்ப்பாணத்தில் இருந்தும் கிளிநொச்சியில் இருந்தும் இடம்பெயர்ந்த சனம் வன்னியெங்கும் நிறைந்திருந்த காலம். அந்த ஜீப்பும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது, ஓயாமல் தட்டும். எங்கள் காதுக்கு அது பழகிப்போய்விட்டது.

ஒரு நாள் பின்னேரம் பிரசவ வலி எடுத்த ஒரு பிள்ளையையும் அவருடைய தாயையும் ஏற்றிக்கொண்டு, வற்றாப்பளை, கேப்பாப்புலவு வழியாகப் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாதை முழுக்கக் குழி. கொஞ்சத் தூரம் போனதும் அந்தத் தாய் பின்னுக்கு இருந்து கூப்பிட்டார்.

"தம்பி, என்னவோ தட்டுது."

"அது மண்ணெண்ணெய்ச் சத்தம் அம்மா. பயப்படாதேங்கோ."

இன்னும் கொஞ்சத் தூரம் போனோம்.

"தம்பி, சத்தம் முன்னுக்கு இல்லை. எனக்குக் கீழதான் தட்டுது. காலில தெரியுது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவசரத்தில் போகிறோம், இந்த மனிசி வேறு என்று நினைத்தேன். ஆனாலும் கராஜில் என் குரு சொல்லித் தந்த ஒரு பாடம் ஞாபகம் வந்தது. மட்டமான பாதையில் வேகத்தைக் குறைத்து, கிளச்சை அமத்தி, அக்சிலேற்றரை விட்டேன். எஞ்சின் அடங்கியது. 'கிளிங்' சத்தமும் நின்றது. ஆனால் 'டொக்... டொக்... டொக்...' என்று வேறொரு சத்தம் சில்லின் சுற்றோடு சேர்ந்து வந்துகொண்டே இருந்தது. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

இறங்கிப் பார்த்தேன். பின்பக்க இடது சில்லு. அதில் ஐந்து நட்டு இருக்க வேண்டும். ஒன்று தொலைந்து நான்கோடுதான் ஓடிக்கொண்டிருந்தோம். அந்த நான்கில் இரண்டைக் காணவில்லை. மிச்சம் இரண்டும் விரலால் திருப்பலாம் போல இருந்தன. சில்லின் ஓட்டைகள் ஆடி ஆடித் தேய்ந்து பளபளவென்று கிடந்தன. மூன்று நாளுக்கு முன் பஞ்சர் ஒட்டி அந்தச் சில்லைப் பூட்டியவன் வேறு யாரும் இல்லை, நான்தான். பூட்டிய பிறகு ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

மற்ற சில்லுகள் இரண்டில் இருந்து ஒவ்வொரு நட்டைக் கழற்றி இதில் போட்டு, நான்கையும் இறுக்கி, ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். அன்றிரவு பிள்ளை சுகமாகப் பிறந்தது. ஆனால் எனக்கு நித்திரை வரவில்லை. அந்தத் தாய் இரண்டாம் தரம் வாய் திறக்காமல் இருந்திருந்தால்?

அன்றைக்கு நான் படித்தது இதுதான். பழகிய சத்தம் ஒன்று இருந்தால் அதற்குள் புதுச் சத்தம் ஒளிந்துகொள்ளும். "அது எப்பவும் வாற சத்தம்தான்" என்று சொல்லும்போதுதான் நாங்கள் ஏமாறுகிறோம்.

இனி வேலைக்கு வருவோம். சத்தம் கேட்டவுடன் சாமான் வாங்க ஓட வேண்டாம். முதலில் நான்கு கேள்வி கேளுங்கள்.

1. வண்டி நிற்கும்போதும் கேட்கிறதா? கியரைப் பொதுநிலையில் விட்டு, ஹான்ட்பிரேக் போட்டு, எஞ்சினை ஏற்றி இறக்குங்கள். கூடவே சத்தமும் ஏறி இறங்கினால் நோய் எஞ்சினில். மேலே இருந்து 'டிக் டிக்' என்றால் ரப்பெற் இடைவெளியைப் பாருங்கள். பழைய லான்ட்றோவர் இரண்டே கால் லீற்றர் பெற்றோல் எஞ்சினுக்கு அது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு. அடிவயிற்றில் இருந்து கனமாக 'டொங் டொங்' என்று கேட்டு, ஓயில் அமுக்கமும் குறைந்தால் பெயாரிங். உடனே நிற்பாட்டுங்கள், ஒரு மைல்கூட ஓட வேண்டாம். மேட்டில் இழுக்கும்போது மட்டும் 'கிளிங்' என்றால் எரிபொருளையும் பொறி விழும் நேரத்தையும் பாருங்கள்.

2. ஓடும்போது கிளச்சை அமத்தினாலும் கேட்கிறதா? கேட்டால் எஞ்சினை விட்டுவிட்டுச் சில்லு, புரொப்பலர் ஷாப்ட், டிப்ரன்ஷல் பக்கம் தேடுங்கள். இதை மட்டமான, ஆளில்லாத பாதையில் மட்டும் செய்யுங்கள். மலைப்பாதை இறக்கத்தில் ஒருக்காலும் செய்ய வேண்டாம். எஞ்சினை நிற்பாட்டிவிட்டு உருட்டவும் வேண்டாம்.

3. அக்சிலேற்றரை மிதிக்கும்போதும் விடும்போதும் ஒரேயொரு 'டொக்' வருகிறதா? புரொப்பலர் ஷாப்ட் குரோஸ் தேய்ந்திருக்கும். சில்லுகளுக்குக் கல் வைத்து, கியரைப் பொதுநிலையில் விட்டு, கீழே போய் ஷாப்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள், ஆட்டம் தெரியும். குரோஸ் மாற்றும்போது ஷாப்டை இரண்டாகப் பிரித்தால், இரண்டு முனைக் கவைகளும் ஒரே நேருக்கு வரும்படி பூட்டுங்கள். மாறிப் பூட்டினால் புதுச் சாமான் போட்ட பிறகும் வண்டி அதிரும்.

4. குழியில் விழும்போது மட்டும் வருகிறதா? ஸ்பிரிங் புஷ், ஷக்கிள், யூ போல்ட், ஷொக் அப்சோபர் ஆகியவற்றைப் பாருங்கள். சைலன்சர் குழாய் சசியில் முட்டுவதும் உண்டு.

நான்கு சில்லும் இழுக்கும் வண்டிக்கு இன்னொன்றும் உண்டு. சேற்றுப் பாதையில் மஞ்சள் குமிழை அமத்தி முன்சில்லையும் சேர்த்துவிடுவோம். பிறகு தார்ப்பாதைக்கு ஏறியதும் மறந்துவிடுவோம். வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளை விடக் கூடத் தூரம் ஓட வேண்டும். சேறென்றால் சறுக்கிச் சரிக்கட்டும். தாரில் சறுக்க இடமில்லை. முறுக்கேறி, வளைவில் 'டக்' என்று அடிக்கும். வண்டியை நிற்பாட்டி, சிவப்பு லீவரைப் பின்னுக்கு இழுத்துத் திரும்ப முன்னுக்குத் தள்ளினால் மஞ்சள் குமிழ் மேலே வந்துவிடும். இறுகிப்போயிருந்தால் கொஞ்சத் தூரம் பின்னுக்கு எடுங்கள், முறுக்கு விடும். சதமும் செலவில்லை.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிச் சத்தம் நின்றால், எதனால் நின்றது என்று தெரியாது. அடுத்த முறையும் மூன்றுக்கும் காசு கொடுப்பீர்கள்.

சில்லைக் கழற்றிப் பூட்டினால் நட்டின் கூம்புப் பக்கம் சில்லைப் பார்த்திருக்க வேண்டும். குறுக்கும் மறுக்குமாக இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் திரும்பவும் இறுக்கிப் பாருங்கள். நட்டைச் சுற்றித் துருக்கோடு இழுத்திருந்தால் அது ஆடுகிறது என்று அர்த்தம்.

இப்போது பின்வரிசை அம்மாமாருக்கு வருகிறேன். லொறியிலும் டிராக்டர் பெட்டியிலும் பின்னால் இருந்து போகிறவர்கள் நீங்கள்தான். சாரதியின் காதில் எஞ்சின் சத்தம் நிறைந்திருக்கும். பின்சில்லின் சத்தம் முதலில் உங்கள் காலுக்குத்தான் தெரியும். இங்கே வன்னியில் சில்லு கழன்றால் வண்டி வயலுக்குள் இறங்கும். உங்கள் மலைப்பாதையில் கழன்றால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே, "சாரதிக்குத் தெரியாததா?" என்று பேசாமல் இருக்க வேண்டாம். பெட்டியில் தட்டி நிற்பாட்டச் சொல்லுங்கள். ஏசினால் இரண்டாம் தரமும் சொல்லுங்கள்.

சாரதித் தம்பிமாரே, அவர்கள் சொன்னால் கோபிக்காமல் இறங்கிப் பாருங்கள். ஒன்றுமில்லை என்றால் ஐந்து நிமிடம்தான் நட்டம். நான் அன்றைக்கு முதல் தரமே கேட்டிருக்க வேண்டும்.